முதல் நாள் பாடம் மட்டும்

எனக்குக் கோபம் வந்தா வாய் நிக்காது. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கதையை ஆற அமரச் சொல்ல என்னால முடியாது. நான் டியூஷன் சென்டர்ல கெமிஸ்ட்ரி எடுக்கறவ. எனக்கு எதிர் மேஜை ஃபிசிக்ஸ். அவங்க நிஜப் பேரு பாதிப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவங்க 'நாளைக்கு டீச்சர்'தான். அவங்க அக்காவுக்குக் கால் போச்சு. சர்க்கரையால போச்சுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு. சர்க்கரை பாவம், அதுக்கு என்ன தெரியும்? யாரால போச்சுன்னு எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்லப் போறேன்.

எங்க சென்டர் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல மாடியில இருக்கு. சத்தம், புகை, வெயில் நேரத்துல தரையே சுடும். நாங்கள்லாம் ஓனர்கிட்ட இடத்தை மாத்துங்கன்னு நச்சரிப்போம். நாளைக்கு டீச்சர் மட்டும் வாயே திறக்க மாட்டாங்க. காரணம், அவங்களுக்கு அந்தப் பட்டறைதான் லேப். குவாண்டம் பாடம் தொடங்கற அன்னைக்குப் பிள்ளைங்களை ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. கீழே கம்பியை வளைக்கறதுக்காகக் காய்ச்சிக்கிட்டு இருப்பாங்க.

"கம்பி என்ன நிறம்?"

"சிவப்பு டீச்சர்."

"ஏன் சிவப்பு? பழைய கணக்கு என்ன சொல்லுது தெரியுமா? சூடான எந்தப் பொருளும் ஊதாவையும் தாண்டின வெளிச்சத்தை அளவே இல்லாம கொட்டணும்னு சொல்லுது. அது உண்மைன்னா அடுப்பு பத்த வெச்சவங்க யாரும் உயிரோட இருக்க மாட்டாங்க. அந்தக் கணக்கு போட்டவங்க முட்டாள் இல்ல. பந்து எங்க விழும், பஸ் எப்ப நிக்கும், கிரகணம் எப்ப வரும் எல்லாத்தையும் சரியாச் சொன்ன அதே கணக்குதான். இந்தக் கம்பிகிட்ட வந்து மண்ணைக் கவ்விடுச்சு."

அப்புறம் காரணம் சொல்லுவாங்க. ஆற்றல் தண்ணி மாதிரி ஒழுகி வர்றதில்ல, பொட்டலம் பொட்டலமாத்தான் வரும். சிவப்புக்குச் சின்னப் பொட்டலம். ஊதாவுக்குப் பெரிய பொட்டலம். இந்தச் சூட்டுல பெரிய பொட்டலம் கட்ட வழியில்ல, அதனால கம்பி சமத்தா சிவப்போட நின்னுக்குது. இதைக் கேட்டுட்டு ஒருத்தன் "அரைப் பொட்டலம் தர மாட்டாங்களா டீச்சர்"னு கேட்டான். "இந்தக் கடையில கிடையாது, முழுசா வாங்கு, இல்லன்னா நடையைக் கட்டு"ன்னாங்க. வகுப்பே சிரிச்சுது.

அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டு பிளவு. நான் பக்கத்து அறையில அமிலத்தைப் பத்திக் கத்திக்கிட்டே ஒரு காதை அங்க வெச்சிருப்பேன். ஒரு தகடு, அதுல ரெண்டு பிளவு. எலக்ட்ரானை ஒண்ணொண்ணா அனுப்பறோம். அந்தப் பக்கம் திரையில ஒண்ணொண்ணும் ஒரு புள்ளியா விழுது. சரி, கல்லு மாதிரி ஏதோ ஒரு பொருள்னு நினைக்கறோம். நிறைய விழுந்ததுக்கு அப்புறம் பார்த்தா புள்ளியெல்லாம் கோடு கோடா அடுக்கி நிக்குது. அலைதான் அப்படிக் கோடு போடும். தனியா வந்த ஒண்ணு, ரெண்டு பிளவையும் எப்படித் தெரிஞ்சுக்கிச்சு? எது வழியாத்தான் போகுதுன்னு கண்டுபிடிக்க ஒரு கருவியை வைக்கறோம். வெச்ச உடனே கோடு மாயமாயிடுது.

இந்த இடத்துல டீச்சர் போர்டைப் பிள்ளைங்க கண்ணு முன்னாடியே அழிப்பாங்க. "நீங்க பார்க்கற வரைக்கும் அது ஒரு முடிவுக்கு வர்றதில்ல. பார்க்கறது சும்மா பார்க்கறது இல்ல, மாத்தறது. பார்த்தா கலைஞ்சிடும்." சாக்பீஸ் டப்பாவை மூடுவாங்க. "மிச்சம் நாளைக்கு."

பிள்ளைங்க "ஐயோ டீச்சர்"னு கத்தும். அசைஞ்சே கொடுக்க மாட்டாங்க. ஒரு தடவை நானே கேட்டேன், "ஏன் டீச்சர் அதுங்களை இப்படித் தவிக்க விடறீங்க? அதையும் சொல்லித் தொலைச்சா என்ன?"

"இன்னைக்கு ராத்திரி அதுங்களுக்குப் பைத்தியம் பிடிக்கட்டும் டீச்சர். நாளைக்கு நான் தெளிய வைக்கறேன். பைத்தியமே பிடிக்காதவனுக்கு என்னத்தைத் தெளிய வைக்கறது?"

மறுநாள் வீட்டுச் சமையலறைத் தராசும் ஒரு பை நிறைய கண்ணாடி மணியுமா வருவாங்க. தராசுத் தட்டுல ஒரு மணியைப் போட்டா முள்ளு துள்ளும். இன்னொண்ணு போட்டா இன்னொரு துள்ளல். அப்புறம் பையைச் சாய்ச்சு மணியை ஒரே சீராக் கொட்டுவாங்க, தட்டுல பட்டுப் பட்டுக் கீழே சிதறி ஓடற மாதிரி. முள்ளு ஒரே இடத்துல அசையாம நிக்கும். "ஒவ்வொரு மணியும் எப்ப விழும், எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. கோடி மணி சேர்ந்தா முள்ளு எங்க நிக்கும்னு எவனும் சொல்லலாம். பழைய கணக்கு பொய் இல்ல. அது முள்ளைப் பார்த்து எழுதின கணக்கு."

கூடவே, பார்க்கறதுன்னா என்னன்னும் சொல்லுவாங்க. அது கண்ணும் இல்ல, மனசும் இல்ல. ஒண்ணைப் பார்க்கணும்னா எதையாவது கொண்டு போய் அதுமேல மோத விடணும். எலக்ட்ரானுக்கு ஒரு துளி வெளிச்சமே பெரிய இடி. பூட்டின அறையில கருவி மட்டும் இருந்தாலும் கோடு கலையும், ஆள் நிக்கணும்னு அவசியமே இல்ல. உன் கை, உன் பை, உன் பரீட்சை மார்க்கு இதையெல்லாம் காத்தும் வெளிச்சமும் ஓயாம மோதிக்கிட்டே இருக்கு. நீ வந்து பார்க்கறதுக்கு முன்னாடியே அதெல்லாம் முடிவாகியாச்சு. நீ முறைச்சுப் பார்த்தா மார்க்கு மாறாது, போய்ப் படி. இதுதான் ரெண்டாம் நாள். இந்த ரெண்டு நாளும் சேர்ந்ததுதான் அவங்க பாடம்.

இனி அவங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். மூணு பேரு. மூத்தவங்க அக்கா, நடுவுல டீச்சர், கடைசியில தம்பி. தம்பி தவழற வயசுலயே அம்மா போயிட்டாங்க. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அக்கா தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சே ரெண்டு பேரையும் ஆளாக்கினாங்க. கல்யாணம் பண்ணிக்கல. தெருவுல பாதிப் பேரு போட்டிருக்கற சட்டை அந்தக் கால் மிதிச்சதுதான். அப்படிப்பட்ட கால் அது.

தம்பி எதைத் தொட்டாலும் விளங்கல. கடை போட்டான், மூடினான். இன்னொண்ணு போட்டான், அதையும் மூடினான். கடைசியா ஒரு கேமரா வாங்கி வீடியோ எடுக்கறேன்னு கிளம்பினான். டீச்சர்தான் ஓனர்கிட்ட கெஞ்சி, "என் வகுப்பையே எடுக்கட்டும், பிள்ளைங்களுக்கும் உபயோகம், இவனுக்கும் ஒரு வழி"ன்னு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க. ரெண்டு நாளும் கடைசி பெஞ்சுல கேமராவோட உட்கார்ந்து எடுத்தான். பய நல்லா கவனிச்சான். கேள்விகூடக் கேட்டான். அக்காவும் தங்கச்சியும் அன்னைக்குப் பட்ட பெருமை இருக்கே! எனக்கே வீட்டுல பண்ணின இனிப்பு வந்துச்சு.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு மாணவியோட அம்மா ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க காப்பு போட்டதிலேர்ந்து எங்க வீட்டுக்காரருக்கு மூட்டு வலியே இல்ல டீச்சர்."

"என் காப்பா?"

அவங்க ஃபோனை நீட்டினாங்க. எங்க வகுப்பறைதான். பின்னாடி போர்டுக்குப் பதிலா நட்சத்திரம் சுத்துது, புல்லாங்குழல் ஊதுது. டீச்சர் முகம், டீச்சர் குரல். "நீங்க பார்க்கற வரைக்கும் அது ஒரு முடிவுக்கு வர்றதில்ல. பார்க்கறது சும்மா பார்க்கறது இல்ல, மாத்தறது. பார்த்தா கலைஞ்சிடும்." அதோட டீச்சர் பேச்சு வெட்டு. உடனே வேற ஒரு கம்மின குரல், உங்க உடம்போட அணுக்களும் உங்க கட்டளைக்குக் காத்திருக்குன்னு சொல்லுது. குவாண்டம் காப்பு. செம்பு நிறத்துல ஒரு தகர வளையம். அந்த அம்மா டப்பாவையும் காட்டினாங்க. மேல பட்டையா அச்சடிச்சிருந்துச்சு: 'காப்பு அணிந்த பின் எந்தப் பரிசோதனையும் செய்ய வேண்டாம். பார்த்தால் பலன் கலைந்துவிடும்.'

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க! பரிசோதனை பண்ணினா வண்டவாளம் தெரிஞ்சிடும், அதனால பண்ணாதே. இதை எவனோ தெருவுல போறவன் எழுதியிருக்க முடியாது. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டவன்தான் எழுத முடியும். நான் திட்ட ஆரம்பிச்சேன். டீச்சர் திட்டல. அவங்க முகம் வெளுத்துப் போச்சு. "அக்கா கையில இதே மாதிரி ஒண்ணு பார்த்தேன்"னாங்க. "ஏதோ ஆசைக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சுட்டேன்."

கிடைச்ச வண்டியைப் பிடிச்சு ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்கு ஓடினோம். அக்கா தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்து யாரோட சட்டைக்கோ காஜா எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கையில காப்பு. கால்ல கெட்டியா காலுறை.

"அக்கா, சர்க்கரை கடைசியா எப்ப பார்த்த?"

"பார்க்கறதில்லடி. சர்க்கரை பார்க்கற மிஷினைத் துணி சுத்தி அலமாரி மேல வெச்சுட்டேன். தினமும் குத்திக் குத்திப் பார்த்ததாலதான் இறங்கவே மாட்டேங்குது. நீதானே சொன்ன, பார்த்தா கலைஞ்சிடும்னு."

அறையில ஒரு வாடை. நான் குனிஞ்சு காலுறையைக் கழட்டப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாங்க. "அதைப் பார்க்காதீங்க. அங்க ஒரு சின்னப் புண்ணு, அது பாட்டுக்கு ஆறிக்கிட்டு வருது, பார்த்துக் கெடுத்துடாதீங்க." வலுக்கட்டாயமாத்தான் கழட்டினேன். கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்துப் போயிருந்துச்சு. வலியே இல்லையாம், சர்க்கரைக்காரங்களுக்கு அப்படித்தான் மரத்துப் போகும். மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்காங்க. பார்க்கறதை மட்டும்தான் நிறுத்தியிருக்காங்க. தங்கச்சி சொன்னாளேன்னு தன் காலையே திரும்பிப் பார்க்காம இருந்திருக்காங்க அந்த மனுஷி.

பெரிய ஆஸ்பத்திரியில பாதத்துல முன்பாதியை எடுத்துட்டாங்க. தையல் மிஷின் மிதிக்கற வலது கால்.

தம்பி ஒரு பை பழத்தோட வந்தான். வார்டுக்கு வெளியே படிக்கட்டுல டீச்சர் அவனை நிறுத்தினாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன், நகர்ற உத்தேசம் எனக்கு இல்ல.

"அக்கா காலைப் பார்த்தியாடா?"

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா? அக்காவுக்கு நான் விக்கவே இல்ல. அவங்களா ஆசைப்பட்டுக் கேட்டாங்க, சும்மாதான் கொடுத்தேன்."

"அளக்காதேன்னு எதுக்குடா அச்சடிச்ச?"

"நீ சொன்னதுதானே? உன் வாயிலேர்ந்து வந்ததுல ஒரு எழுத்து கூட நான் சேர்க்கல. வேணும்னா போட்டுப் பாரு."

"மறுநாள் நான் என்ன சொன்னேன்? அதுவும் உன் கேமராவுலதானே இருக்கு? அதைப் போடுடா. இப்பவே போடு."

"அது இல்ல. மணியைக் கொட்டறதும் தராசும்... அதை எவன் பார்ப்பான்? இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, அழிச்சுட்டேன்."

அடப்பாவி! நான் அவனை என்னென்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது. ஒரு நர்ஸ் வந்து எங்களை விரட்டற அளவுக்குச் சொன்னேன். டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "பாதியை வித்துட்டான் டீச்சர்"னு ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "பொய் சொல்லியிருந்தாக்கூட நான் மறுத்துடுவேன். நான் சொன்னதையே பாதியா வெட்டி வித்துட்டானே, இதை நான் எப்படி மறுப்பேன்?"

அக்கா கொஞ்சம் தேறி உட்கார ஆரம்பிச்சதும் டீச்சர் தராசையும் மணிப்பையையும் வார்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரங்கள்லாம் வேடிக்கை பார்க்க, ரெண்டாம் நாள் பாடத்தை அக்காவுக்கு மட்டும் எடுத்தாங்க. ஒரு மணி, முள்ளு துள்ளுச்சு. பை சாய்ஞ்சுது, முள்ளு நின்னுச்சு. "உன் ரத்தத்துல இருக்கற சர்க்கரை இந்த மணியை விடக் கோடிக் கோடி மடங்குக்கா. நீ பார்த்தாலும் அது அங்கதான், பார்க்காட்டியும் அங்கதான். எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்." கட்டிலுக்கு அடியில உருண்ட மணியையெல்லாம் நான் பொறுக்கிக்கிட்டு இருந்தேன்.

"புரிஞ்சுதாக்கா?"

"நல்லாப் புரிஞ்சுது. உன்கிட்டப் படிக்கற பிள்ளைங்க கொடுத்து வெச்சதுங்க"ன்னாங்க அக்கா. அப்புறம், "இதை அன்னைக்கே சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதாடி?"ன்னு கேட்டாங்க. திட்டிக் கேட்கல, சாதாரணமாத்தான் கேட்டாங்க. டீச்சர் தராசைத் துடைச்சு உள்ள வெச்சாங்க.

அன்னைக்கே டீச்சர் போலீஸ்ல புகார் கொடுத்துட்டாங்க. நான்தான் கூடப் போனேன். தம்பின்னு பார்த்தா நாளைக்கு இன்னொரு வீட்டுல இன்னொரு கால் போகும், கொடுத்தே ஆகணும்னு அவங்களே முடிவு பண்ணினாங்க. ஒரு அதிகாரி வார்டுக்கு வந்து அக்காகிட்ட விசாரிச்சார். "காப்பை யாரும்மா கொடுத்தது?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாங்க. "சந்தையில வாங்கினேன் ஐயா. யாருன்னு ஞாபகம் இல்ல."

"அக்கா!"ன்னாங்க டீச்சர்.

"உங்க தம்பி கொடுத்தார்னு இவங்க எழுதியிருக்காங்களே?"

"அவனா? அவனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அவன் பாவம், சும்மா வீடியோ எடுக்கறவன்."

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். டப்பாவுல இருந்த விலாசமும் பொய், வித்தவன் பேரும் பொய்யாம். ஃபோனைத் தட்டினார், புல்லாங்குழல் ஊதுச்சு. "முகம் உங்களுது. குரலும் உங்களுதுதானே?"

"என்னுதுதான். ஆனா சார், அது முதல் நாள் பாடம் மட்டும்."

"அப்படின்னா?"

அவருக்கு எங்கேயிருந்து ஆரம்பிக்கறது? கம்பி ஏன் சிவப்பா இருக்குங்கறதுலேர்ந்தா? "ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுங்க"ன்னுட்டு அவர் போயிட்டார்.

அவர் போனதும் டீச்சர் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாங்க. "ஏன்க்கா? உனக்குத்தான் எல்லாம் புரிஞ்சுதே. தெரிஞ்சே ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழில் பண்றீங்கன்னுதான் நினைச்சேன்டி. அந்த வீடியோவைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உன் பேச்சு, அவன் கேமரா. அம்மா இருந்து பார்க்கணும்னு நினைச்சேன்." அக்கா தங்கச்சி கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டாங்க. "அவன் சின்னவன். உள்ள போனா தாங்க மாட்டான். நீ படிச்சவ. நீ சமாளிச்சுக்குவ."

நான் எழுந்து வெளியே போயிட்டேன். கோபத்துல இல்ல, அழுகை வந்துடுச்சு. தம்பி முதுகுல குத்தினதைத் தாங்கிக்கிட்ட டீச்சர், அந்த 'சமாளிச்சுக்குவ'வை மட்டும் தாங்கல.

விசாரணை இன்னும் முடியல. கூப்பிடும்போதெல்லாம் டீச்சர் போய் நின்னுட்டு வர்றாங்க. தம்பி இப்ப வேற ஏதோ விக்கறானாம், என்னன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல. அக்கா டீச்சர் வீட்டுலதான் இருக்காங்க. தினமும் காலையில டீச்சர் சர்க்கரை மிஷினை எடுத்துட்டுப் போனா, அக்கா வேற பக்கம் பார்த்துக்கிட்டு விரலை நீட்டறாங்க. டீச்சர் அளக்கறாங்க, நம்பரைச் சத்தமாச் சொல்றாங்க, புண்ணுக்குக் கட்டு மாத்தறாங்க. அதுக்கு மேல ரெண்டு பேருக்குள்ள பேச்சு இல்ல.

போன வாரம் புது பேட்சுக்குக் குவாண்டம் பாடம் தொடங்கினாங்க. நான் வழக்கம்போல ஒரு காதை அங்க வெச்சிருந்தேன். கம்பி, பொட்டலம், ரெண்டு பிளவு, எல்லாம் வந்துச்சு. பார்த்தா கலைஞ்சிடும்ங்கற இடமும் வந்துச்சு. போர்டை அழிச்சாங்க. டப்பாவை மூடற சத்தத்துக்கு நான் காத்துக்கிட்டு இருந்தேன். அது வரல. மூச்சு விடாம அதே வேகத்துல மணி, தராசு, காத்து, வெளிச்சம்னு அவங்க போயிக்கிட்டே இருந்தாங்க. பிள்ளைங்க தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்துச்சு. யாரும் கத்தல, யாருக்கும் பைத்தியம் பிடிக்கல. சென்டருக்கு ரெண்டாவது வருஷம் வர்ற ஒரு பொண்ணு மட்டும், இங்க படிச்ச அவ அண்ணன் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பா போல, வகுப்பு முடிஞ்சு எழுந்திரிக்கும்போது கேட்டா.

"டீச்சர், மிச்சம் நாளைக்கா?"

"இல்லம்மா. நான் இப்பல்லாம் மிச்சம் வைக்கறதில்ல"ன்னாங்க டீச்சர்.